சான்று கேட்டவர்

நான் ஒரு பொய்யை எழுதினேன். சென்னைப் பத்திரிகை ஒன்று அதை நம்பி அச்சிட்டது. அச்சில் பார்த்ததும் நானே அதை நம்பிவிட்டேன். தான் விட்ட கதையைத் தானே படித்து, "அப்படியா, இது தெரியாமல் போயிற்றே" என்று வியந்த ஆள் அந்தமானில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்ற இடங்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். எங்கள் போர்ட் பிளேரில் முன்பு நாலு பையன்கள் சேர்ந்து ஒரு ராக் இசைத்தொகுப்பு போட்டார்கள். பெயர் 'வெஹிக்கிள் ஃபெர்ரி'. சாத்தமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே லாரி, ஸ்கூட்டர், ஆடு, மனுஷன் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் ஏற்றிக்கொண்டு போகிற படகு அது. பாட்டும் அப்படித்தான். தீவு இந்தி, தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குறுந்தகடு எவ்வளவு விற்றது என்று அந்த நாலு பேரும் சொன்னதில்லை. சொல்லும்படி விற்றிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு அந்தப் பாட்டுகள் உயிர். எனக்குத் தொழில், அரசு அலுவலகங்களில் பிரிண்டரும் யூபிஎஸ்ஸும் பழுது பார்ப்பது. பாதி நேரம் கரண்ட் வரக் காத்திருப்பதுதான் வேலை. அப்படி ஒரு காத்திருப்பில், இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதியில் இந்தத் தொகுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். இந்துமாக்கடலின் ஈடு இணையற்ற ராக் தொகுப்பு என்று ஆரம்பித்தேன். இடையில் கை சும்மா இருக்காமல், மூன்றாவது பாட்டில் வரும் தடதட சத்தம் ஃபெர்ரியின் என்ஜின் அறையிலேயே பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் திறந்து பார்த்தால் என் கட்டுரை மொட்டையடித்துக் கிடந்தது. ஈடு இணையற்ற போயிற்று. உயிரை உருக்கும் போயிற்று. தீவு மக்களின் நெஞ்சில் நீங்கா இடம் போயிற்று. மிச்சம் இருந்த வரிகளின் வாலில் எல்லாம் 'சான்று தேவை' என்று சின்ன எழுத்தில் ஒரு முத்திரை. உரையாடல் பக்கத்தில், திருத்தியவர் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: யார் சொன்னது?

அந்த இரண்டு வார்த்தையை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். தினமும் சாத்தம் ஜெட்டி டீக்கடையில் கேட்பேன். கடைக்காரர் வங்காளி. கப்பல் நாளைக்கு இல்லையாம், மண்ணெண்ணெய் வரவில்லையாம் என்று யாராவது ஆரம்பித்தால் மூலையில் நிற்கும் ஒருவர் கிளாஸை இறக்காமலே கேட்பார். "யாரு சொன்னா?" கடைக்காரர் அவருக்கு சபூத் பாபு என்று பெயர் வைத்திருந்தார். இந்தியில் சபூத் என்றால் சான்று. அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அப்பா காலத்தில் வந்த கிறிஸ்தவக் குடும்பம். தினமும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து அதே ஃபெர்ரியில் என்னோடு வருகிறவர். நான் பக்கத்தில் போய், "அண்ணே, அந்த நீங்கா இடத்தையாவது விட்டிருக்கலாமே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு நெஞ்சுல?" என்றார்.

அப்படித்தான் பழக்கம்.

இப்போது அவர் இங்கே இல்லை. பாம்பூஃப்ளாட் வீட்டில் வேறு குடித்தனம். கலைக்களஞ்சியத்திலும் அவர் கணக்கு அசையாமல் கிடக்கிறது. மெயின்லேண்டுக்குப் போய்விட்டார் என்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் இந்தப் பத்தியையே அழித்திருப்பார்.

அவர் இங்கே இருந்த காலத்தில் ஒரு சாயங்காலம் காற்று கிளம்பி, ஃபெர்ரி இனி ஓடாது என்று ஜெட்டியில் பேச்சு பரவியது. எல்லோரும் பஸ் பிடித்து, பெரார்கஞ்ச் வழியாகத் தீவைச் சுற்றி வீடு போகக் கிளம்பினோம். இவர் மட்டும் வரவில்லை. நோட்டீஸ் ஒட்டவில்லையே என்றார். நோட்டீஸ் ஒட்டுகிறவரே எங்களோடு பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதும் பலகையைத்தான் பார்த்தார். நாங்கள் குலுங்கிக் குலுங்கி, வாந்தியெடுத்தவர் மேல் வாந்தியெடுத்து, பாம்பூஃப்ளாட் வந்து இறங்கினால், அவர் குளித்துக் கைலி கட்டி வாசலில் நிற்கிறார். படகுக்காரர்களுக்கும் வீடு பாம்பூஃப்ளாட்டில்தானே. காற்று கொஞ்சம் தணிந்ததும் வெறும் படகாக வந்தவர்கள் இவரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

இந்த மாதிரி சில தடவை ஜெயித்துவிட்டால் ஒரு மனுஷனை அப்புறம் திருத்த முடியாது.

அவருடைய அப்பா இறந்து முப்பதாம் நாள் ஜெபம். கோயில் கூடத்தில் ஒவ்வொருவராக எழுந்து, அவர் ஒரு புனிதர், ஊருக்கே தகப்பன் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் மகனைப் பேசச் சொன்னார்கள். இவர் எழுந்தார். அப்பா விடியுமுன்னே கடலுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை போகமாட்டார் என்றார். மீனில் நல்லதை விற்றுவிட்டு நசுங்கினதை வீட்டுக்குக் கொண்டுவருவார், அதில் முள் எடுத்துத் தருவார் என்றார். ஒரு தடவை தன்னை அடிக்கக் கை ஓங்கினார், அடிக்கவில்லை என்றார். "நான் பாத்தது இவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் சிலருக்குக் கோபம். பெத்த அப்பனை நல்லவன் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லையே என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும் அந்த முள் எடுத்த கை கண்ணை விட்டுப் போகவில்லை. புனிதர் என்று சொன்னதெல்லாம் வாசலில் செருப்பு மாட்டும்போதே மறந்துபோயிருந்தது.

அவர் மனைவியும் அதே ஃபெர்ரியில்தான் வருவார். போர்ட் பிளேரில் நர்ஸ். பெரார்கஞ்ச்காரர். நான் மதினி என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் எப்போதும் படகின் இடது பக்கக் கம்பியோரம் நிற்பார்கள். அவர் போனில் யாருடைய கட்டுரையையாவது மொட்டையடித்துக்கொண்டு வருவார். மதினி அவருடைய டிபன் பையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவார். பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் படகு ஆடினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

இதற்கிடையில் சென்னைப் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. அந்த நால்வரில் பாடகன் இப்போது அங்கே கொஞ்சம் பேர் வாங்கிவிட்டான். அவனைப் பேட்டி கண்டு 'வெஹிக்கிள் ஃபெர்ரி' பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். என் என்ஜின் அறையும் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்லவா வேண்டும். கூடவே பாடகன் சொல்லியிருந்தான், அத்தனை பாட்டும் தானே எழுதியதாம்.

சபூத் பாபுவுக்குப் பண்டிகை. கட்டுரைக்கு முதல் முறையாக அச்சில் ஒரு சான்று கிடைத்துவிட்டது. இதை 'நல்ல கட்டுரை' தரத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்தினார். என்ஜின் அறை, சான்றுடன். பாடல்கள் எழுதியவர் என்ற இடத்தில் பாடகன் பெயர், சான்றுடன். எனக்கு உறுத்தியது. உரையாடல் பக்கத்தில் போய், ஐயா, அந்த என்ஜின் அறை நான் விட்ட கதை, மன்னிக்கவும் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது: நீங்கள் விட்ட கதை என்பதற்குச் சான்று?

மறுநாள் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன், அந்தப் பாட்டெல்லாம் எங்கேதான் பதிவு பண்ணினார்கள் என்று. "பெரார்கஞ்ச்ல. உங்க மதினி வீட்டு நெல்லுக் குடோன்ல" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

"உங்களுக்கு எப்டிண்ணே தெரியும்?"

"நான் அங்கனதான இருந்தேன். ஜெனரேட்டர் நான் கொண்டு போனது."

எனக்குப் புரையேறிவிட்டது. அப்புறம் நான் கேட்கக் கேட்க அவர் சொன்னதைச் சேர்த்து வைத்தால் இப்படி வரும். அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரை சத்தத்தில் பதிவு நின்றுவிட்டது. சாரல் அடிக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். உள்ளே கும்மிருட்டு. ஜெனரேட்டரை இசைக்கருவிகளுக்கென்று வைத்திருந்ததால் விளக்கு கிடையாது. பையன்களிடம் மெட்டு இருந்தது, வார்த்தை இல்லை. குடோன்காரர் மகள், அந்தப் பெண், நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பென்சிலால் எழுதி எழுதிக் கொடுத்தாள். எழுதின வரியை அவளே ஒரு தடவை பாடிக் காட்டுவாள். இவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு டார்ச் பிடித்தது இவர்.

"அப்ப எல்லாப் பாட்டும் மதினி எழுதுனதா?"

அவர் யோசித்தார். "அஞ்சு பாட்டு. மத்தத எழுதும்போது நான் இல்ல."

எனக்கு அன்று வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஃபெர்ரியில் ஏறியதும் முதல் காரியமாக அந்த ஐந்து பாட்டுக்கும் நேராக மதினி பெயரைப் போட்டேன். படகு பாதித் தூரம் தாண்டவில்லை, பெயர் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கம்பியோரம் நின்று போனைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நீக்கியதற்குக் காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்: யார் சொன்னது?

நீங்கள்தான் என்று தட்டச்சு செய்து, அதை அழித்தேன். கண்ணால் பார்த்தவரே சொன்னாலும் அச்சில் இல்லாதது அங்கே செல்லாது என்று எனக்கே தெரிந்துவிட்டிருந்தது. அவரோடு பழகிப் பழகி அவ்வளவு கெட்டுப்போயிருந்தேன்.

ஆனால் வாயைக் கட்டத் தெரியவில்லை. மதினியிடம் கேலி பேசுவது எனக்கு உரிமை என்று நினைப்பு. இரண்டு நாள் கழித்து அண்ணன் லீவில் இருந்த அன்று, கம்பியோரம் போய் போனை நீட்டினேன். "பாத்தீங்களா மதினி, உங்க வீட்டுக்காரரு உங்களையே ரப்பர் போட்டுட்டாரு" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

தெர்மாமீட்டரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மேலே தள்ளி, பாடல்கள் எழுதியவர் என்ற இடத்தையும் பார்த்தார். அங்கே பாடகன் பெயரைப் போட்டதும் அதே கைதான் என்பது அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றில் பளிச்சென்று இருந்தது.

"இது அவருதானா?"

"இந்தத் தீவுல வேற யாரு மதினி?"

போனைத் திருப்பிக் கொடுத்தார். சாத்தம் மர அறுவை மில் பக்கம் பார்த்துவிட்டு, "சுத்தமா எழுதியிருக்காரு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து மதினி உள்ளே பெண்கள் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். அண்ணன் தன் டிபன் பையைத் தானே பிடித்துக்கொண்டு கம்பியோரம் நின்றார். சில நாள் கழித்து என்னைக் கேட்டார்.

"உங்க மதினி உள்ள போயி உக்காருதாளே, வெயிலா?"

"கோவமா இருக்காங்கண்ணே."

"கோவமா இருக்கான்னு எப்பிடிச் சொல்லுத? உங்கிட்டச் சொன்னாளா?"

"சொல்லல."

"பெறகு?" என்றார். அப்படியே விட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்று கரை சேரும் வரைக்கும் அவர் விரல் திரையில் படவில்லை. கவனித்தேன்.

தெற்கே தனியாகக் கிடக்கும் கார் நிக்கோபார் தீவுக்கு யாரும் கேட்டு மாற்றல் வாங்குவதில்லை. மதினி கேட்டார். ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. இவரிடம் சொன்னால், ஆர்டர் வந்திருக்கா என்றார். ஆர்டர் வந்தது. அதைப் படித்தார். அப்புறம்தான் நம்பினார்.

கப்பலேறும் நாளில் பார்சல் ஒன்று அனுப்புகிற சாக்கில் நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். மதினியின் ட்ரங்குப் பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று அறிவிப்பு இருக்கிறது, மாத்திரை வைத்திருக்கிறாயா என்று கேட்டார். வைத்திருப்பதாக மதினி சொன்னார். ஏணியில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. மதினி ஏறவில்லை. பையைத் தோள் மாற்றி மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்பது பார்சலோடு தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை. நீ எழுதும்போது டார்ச் பிடித்தேனே என்றால்கூடப் போதும். அவரோ, கப்பல் புறப்படும் நேரம் எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன்" என்று மதினி ஏறிப்போனார்.

அதற்கப்புறம் அவர் செய்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இருந்த லீவையெல்லாம் போட்டுத் தேட ஆரம்பித்தார். குறுந்தகடு தயாரித்த சென்னைக்காரருக்கு எழுதினார். கோயிலில் பங்கு மக்களுக்கு அச்சடித்துத் தரும் பங்கு இதழ்களின் பழைய கட்டுகளைப் பிரித்தார். பாடகனுக்கே எழுதினார், அவன் பதில் போடவில்லை. மதினி பெயர் அச்சில் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் போதும். ஒரு நாள் நூலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். பழைய உள்ளூர் நாளிதழ்கள், ஈரத்தில் ஊறி, பூச்சி அரித்து, தொட்டால் உதிர்கிற மாதிரி. தும்மல் போட்டுக்கொண்டே புரட்டினோம். தொகுப்பு வெளியீட்டு விழாச் செய்தி கிடைத்தது. அவர் விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டு போனார். சிறப்பு விருந்தினர் பெயர் இருந்தது. மைக் செட் போட்டவர் பெயர் இருந்தது. வந்திருந்தவர்களுக்குத் தேநீர் வழங்கப்பட்டது என்றுகூட இருந்தது. செய்தி முடிந்த பிறகும் விரல் காலியிடத்தில் கொஞ்ச தூரம் போயிற்று.

"இல்ல" என்றார். பிறகு, "கெடைக்கும்" என்றார்.

சான்றில்லாத ஒரு வாக்கியத்தை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். யார் சொன்னது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சொன்னேன். "அண்ணே, பேப்பரு கெடக்கட்டும். மதினிக்கு ஒரு போன் போட்டு, நீதான் எழுதுன, நான் பாத்தேன்னு சொல்லுங்க."

"சும்மா சொன்னா, சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு ஆயிரும்ல" என்றார். "அவ பேரு அங்க இருக்கணும். நாளைக்கு எவனும் வந்து யாரு சொன்னான்னு கேட்டு அழிக்க முடியாதபடிக்கு இருக்கணும். கெடைச்ச பெறகு சொல்லிக்கிடலாம்."

எவனும் என்று அவர் சொன்னது யாரை என்று அவருக்குத் தெரிந்ததா, எனக்குத் தெரியாது.

முட்டாளுக்கு யோசனை வருவதுதான் ஆபத்து. எனக்கு வந்தது. இங்கே ஒரு சின்னத் தமிழ் மாத இதழ் வருகிறது. ஆசிரியரின் பிரிண்டர் என் தயவில்தான் மூச்சு விடுகிறது. மதினியைப் பேட்டி எடுத்து அதில் போட்டுவிட்டால் அச்சு ஆயிற்று. அச்சு ஆனால் சான்று ஆயிற்று. சான்று வந்தால் அண்ணன் தன் கையாலேயே பெயரைப் போட்டுவிட்டு, போனை எடுத்துக் கூப்பிடுவார். பொய்யையே அச்சேற்றிச் சான்றாக்கியவனுக்கு உண்மையை ஏற்றுவது எவ்வளவு நேரம். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதிலும் ஏதாவது விதியைக் காட்டுவார்.

கார் நிக்கோபாரில் ஓர் அலுவலகத்தின் யூபிஎஸ் படுத்துக்கொண்டதில் எனக்கு அந்தப் பழங்குடித் தீவுக்குள் போக அனுமதியும் கப்பல் டிக்கெட்டும் கிடைத்தன. வேலையை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினி டியூட்டியில் இருந்தார். இளைத்திருந்தார். வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, இளநீர் வெட்டித் தரச் சொன்னார். பஞ்சை உருட்டி உருட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே, மழை எப்படி, ஃபெர்ரி ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டார். அவரைப் பற்றிக் கேட்கவில்லை.

நானே ஆரம்பித்தேன். சென்னைக்கு எழுதியது, பங்கு இதழ், நூலகம், காலியிடத்தில் ஓடிய விரல், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வழக்கமாக நாலு வரிக்கு ஒரு கேலி வரும் எனக்கு. அன்று ஒன்றுகூட வரவில்லை. மதினியின் கை நிற்கவில்லை. பஞ்சு உருண்டுகொண்டே இருந்தது.

"ஒரே ஒரு வரி சொல்லுங்க மதினி" என்றேன். "அந்தப் பாட்டெல்லாம் நான்தான் எழுதுனேன்னு. அடுத்த மாசம் அச்சுல வந்துரும். அண்ணனுக்கு ஒரு சான்று கெடைச்சிரும்."

கை நின்றது. டப்பாவை மூடினார்.

"அவருக்குத் தெரியாதா?"